இழுவைத் தூண்டில் கருவிகளின் தேர்வும் பொருத்தலும்: சிறு நாரிழைப் படகுகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

வெளிப்பொருத்து இயந்திரம் கொண்ட சிறு நாரிழைப் படகுகளில் இழுவைத் தூண்டில் கருவிகளைத் தேர்ந்து பொருத்தும்போது கருத வேண்டிய விசைகளை இக்கட்டுரை விளக்குகிறது. கருவித் தொகுதியின் உறுப்புகள் எந்த வரிசையில் முறிய வேண்டும் என்பதை முன்கூட்டியே வகுப்பதே சரியான பொருத்தலுக்கு அடிப்படை என்பது இதன் மையக் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: இழுவைத் தூண்டில், நாரிழைப் படகு, பக்கக்கழி, முறிவு வரிசை.

முன்னுரை

‘டிரோலிங்’, ‘டிராலிங்’ என்னும் சொற்களின் ஒலியொப்புமை தமிழில் குழப்பத்திற்கு இடமளிக்கிறது. முன்னது, ஓடும் படகின் பின்னே இரை கோத்த தூண்டில்களை இழுத்து வஞ்சிரம், சூரை, பாரை போன்ற மீன்களை ஒவ்வொன்றாகப் பிடிக்கும் முறை. பின்னது இழுவை மடி. இலங்கை 2017ஆம் ஆண்டு சட்டத்தால் தடைசெய்தது கடலடியை வாரிச் செல்லும் இழுவை மடித் தொழிலையே ஆகும். இழுவைத் தூண்டில் கடலடியைக் கிளறுவதில்லை. இதற்கான முதலீடும் குறைவு. ஆயினும் பொருத்தலில் நேரும் பிழை படகையும் உயிரையும் இடருக்குள்ளாக்கக்கூடும்.

கருவித் தேர்வு

தேர்வைத் தீர்மானிப்பவை மீன் உலவும் ஆழமும் படகின் வேகமுமே ஆகும். நீரின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏறத்தாழ நேர்விகிதத்தில் உயர்கிறது. எனவே 2 கடல்மைல் வேகம் 4 கடல்மைலாக உயரும்போது எதிர்ப்பு நான்கு மடங்காகிறது; அதே ஆழத்தில் இரையை நிறுத்த ஈயக்குண்டின் எடையையும் அதற்கேற்ப உயர்த்த வேண்டும். 30 மீட்டர் கயிறு நீருக்குள் 45 பாகைச் சாய்வில் நேராகச் செல்லுமாயின் இரை இருக்கும் ஆழம் ஏறத்தாழ 21 மீட்டர் மட்டுமே. விடப்பட்ட கயிற்றின் நீளத்தையே ஆழமாகக் கொள்வது பிழையாகும்.

வஞ்சிரத்தின் கூரிய பற்கள் தங்கூசியை அறுத்துவிடும். ஆதலின் தூண்டிலை அடுத்துச் சிறிது நீளத்திற்குக் கம்பி தேவைப்படுகிறது. இரை சுழல்வதால் கயிறு முறுக்கேறாதிருக்க இடையில் சுழலி இணைக்கப்பட வேண்டும்.

விசையின் அளவு

பிடிபடும் மீனின் எடையைக் கொண்டு பொருத்தலின் வலிமையைக் கணிப்பது போதாது. தூண்டில் பாறையிலோ மிதக்கும் வலையிலோ சிக்கினால், கயிறு அறும் வரை விசை உயர்ந்துகொண்டே செல்லும். ஆகவே கயிற்றின் அறுவிசையே கணக்கிற்குரிய அளவாகும்.

கயிறுகள் ஒன்றோடொன்று சிக்காதிருக்கப் படகின் இருமருங்கும் நீட்டப்படும் பக்கக்கழிகளில் இவ்விசை பன்மடங்காகிறது. வெளித்தாங்கியிலிருந்து 4 மீட்டர் நீண்டிருக்கும் கழியின் நுனியில் 50 கிலோகிராம் விசை செயல்படுவதாகக் கொள்வோம். உள்தாங்கி 0.5 மீட்டர் தொலைவில் இருப்பின், நெம்புகோல் விதிப்படி அதன்மீது 400 கிலோகிராமும் வெளித்தாங்கியின்மீது 450 கிலோகிராமும் விசை விழும். தாங்கிகளின் இடைவெளியை 1 மீட்டராக்கினால் இவை முறையே 200, 250 எனக் குறையும்.

இதனினும் சிறந்த வழி, முதன்மைக் கயிற்றின் முனையைப் படகின் பிற்புறத்தில் உறுதியான கட்டையில் கட்டி, கழிநுனியில் அதனை மெல்லிய நூலால் மட்டும் பிணைப்பதாகும். மீன் கவ்வியதும் நூல் அறும்; சுமை கழியை விட்டுக் கட்டைக்கு மாறும். நூலின் அறுவிசை 5 கிலோகிராம் எனில், 0.5 மீட்டர் இடைவெளியிலும் தாங்கிகளின்மீது விழும் விசை 40, 45 கிலோகிராம்களைத் தாண்டாது.

பொருத்தும் முறை

இழுவிசை பெரும்பாலும் பின்னோக்கியே செயல்படுகிறது. எனவே கழிநுனியிலிருந்து அணியத்திற்கு ஒரு தாங்குகயிறு கட்டப்பட வேண்டும்.

நாரிழைச் சுவரில் திருகாணி மட்டும் போதாது. மெல்லிய சுவரில் அதன் மரை பற்றும் ஆழம் குறைவு. ஊடுருவிச் செல்லும் மரையாணியும் உட்புறத்தில் பின்தட்டும் தேவை. 12 மி.மீ. மரையாணிக்குரிய 24 மி.மீ. விட்டமுள்ள வளையம் ஏறத்தாழ 320 சதுர மி.மீ. பரப்பில் மட்டுமே அழுத்துகிறது. 150 × 100 மி.மீ. பின்தட்டு அதே விசையை நாற்பது மடங்கிற்கும் மேற்பட்ட பரப்பில் பகிர்கிறது. துளைகளை அடைப்புப் பசையால் மூடாவிடின், விளிம்பின் உள்ளிருக்கும் மரம் நீர் புகுந்து உளுத்துவிடும். மரையாணி இறுக்கமாகத் தோன்றினும் அதன் பிடிமானம் அழிந்திருக்கும். உப்புநீரில் அலுமினியமும் துருப்பிடிக்கா எஃகும் நேரடியாகத் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரிக்கப்படும். அவற்றினிடையே மின்கடத்தாத் தகடு இட வேண்டும்.

முதன்மைக் கயிறு கட்டும் கட்டை உயரம் குறைந்ததாகவும் படகின் நடுக்கோட்டிற்கு அண்மையிலும் அமைதல் நன்று. உயரமான பக்க விளிம்பில் கட்டினால், தூண்டில் சிக்கும்போது படகு ஒருபுறம் சாயும். கட்டையின் அருகே கத்தி எப்போதும் இருத்தல் வேண்டும். வேகத்தைத் திடீரெனக் குறைத்தால் கயிறு தொய்ந்து சுழல்விசிறியில் சிக்கும். ஆதலின் திருப்பங்களை அகலமாக எடுக்க வேண்டும்.

முடிவுரை

பிணைநூல் முதலிலும், தூண்டில் கயிறு அடுத்தும், அதன்பின் கழியும், அதற்கும் பின் தாங்கியும் முறியுமாறு கருவித் தொகுதி அமைக்கப்பட வேண்டும். படகின் உடல் எந்நிலையிலும் முறியலாகாது. மிக வலிய கயிற்றை வாங்கி அதனைப் படகின் விளிம்பில் இறுகக் கட்டுவது பாதுகாப்பு எனத் தோன்றலாம். அது இவ்வரிசையைத் தலைகீழாக்கி, அறுந்திருக்க வேண்டிய கயிற்றின் சுமையைப் படகின்மீது ஏற்றுகிறது. இழக்கத்தக்கது எது, இழக்கலாகாதது எது என்பதை உறுதிசெய்துகொண்ட பின்னரே கருவிகளின் விலையையும் வலிமையையும் ஒப்பிடுதல் பொருத்தமாகும்.