ஆஸ்பிரினும் இரத்தக் குழாயும்

புதுவை ஜிப்மர் போன்ற மருத்துவசாலைகளில் மாரடைப்புற்றோர்க்கு ஆஸ்பிரின் நாடோறும் சிற்றளவில் அளிக்கப்படுகின்றது. பேரளவு வேண்டாமை ஏன்?

இரத்தத்திலுள்ள தட்டணுக்கள் திராம்பாக்ஸேன் என்னும் பொருளைச் சுரந்து ஒன்றோடொன்று திரளும். குழாயின் உட்சுவரணுக்களோ, 1976-இல் ஜான் வேன் குழுவினர் கண்டறிந்த புரோஸ்டாசைக்ளினைச் சுரந்து அத்திரட்சியைத் தடுக்கும். இரண்டும் ஹார்மோன் போன்று செய்தி உணர்த்துவன.

இவற்றை ஆக்கும் நொதியை ஆஸ்பிரின் முடக்குகின்றது. உட்கருவற்ற தட்டணு அதனை மீண்டும் ஆக்கமாட்டாது. தன் ஆயுளாகிய ஏறக்குறைய 10 நாளும் முடங்கியே இருக்கும். உட்கருவுடைய சுவரணுவோ சில மணி நேரத்திற் புதிது ஆக்கிக்கொள்ளும். ஆதலின் சிற்றளவால் திராம்பாக்ஸேன் அடங்க, புரோஸ்டாசைக்ளின் பெரும்பாலும் நிலைபெறும். பேரளவு இரண்டையும் குறைப்பதோடு இரத்தப்போக்கையும் மிகுவிக்கும்.

எனவே, மருத்துவர் சொல்லாது இம்மாத்திரையைத் தொடங்குதலும் கூட்டுதலும் நிறுத்துதலும் உயிர்க்கு ஊறாம்.