என்ஜின் வேறு, சேசிஸ் வேறு. ஆனாலும் அதே கார்தான்! லண்டன் கோர்ட்டு சொன்ன அதிசயத் தீர்ப்பு

சேத்தியாத்தோப்பு குறுக்குரோட்டில் பழைய வண்டி கைமாறும்போது வாங்குகிறவர் முதலில் என்ன செய்வார்? ஆர்.சி. புக்கை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, பானெட்டைத் தூக்கி என்ஜின் நம்பரைப் பார்ப்பார். அடுத்து சேசிஸ் நம்பர். இரண்டில் ஒன்று ஒத்துவராவிட்டாலும் "இது அந்த வண்டியே இல்லீங்க" என்று நடையைக் கட்டிவிடுவார். கரும்பு லாரியோ, அம்பாசடரோ, எதுவானாலும் இதுதான் வழக்கம்.

இதே தகராறு 1990-ல் லண்டன் ஐகோர்ட்டு வரை போனது. வண்டியின் விலை 1 கோடி பவுன்! அன்றைய கணக்கில் நம் பணம் ஏறத்தாழ 30 கோடி ரூபாய்.

கார் பெயர் 'ஓல்டு நம்பர் ஒன்'. பென்ட்லி கம்பெனியின் ஸ்பீடு சிக்ஸ் ரகம். பிரான்சு நாட்டில் லெ மான் என்ற ஊரில் 24 மணி நேரம் விடிய விடிய ஓட்டும் கார் பந்தயம் நடக்கிறது. அதில் 1929, 1930 இரண்டு வருடமும் முதல் பரிசைத் தட்டிச்சென்றது இந்தக் கார்தான். இரண்டு தடவையும் ஓட்டியவர்களில் ஒருவர் உல்ப் பர்னாட்டோ. தென் ஆப்பிரிக்க வைரச் சுரங்க அதிபரின் மகன். பென்ட்லி கம்பெனியில் பணம் போட்டு அதற்கு சேர்மனாகவும் இருந்த கோடீசுவரர். 1931-ல் கம்பெனி நொடித்துப் போய் ரோல்ஸ் ராய்ஸ் கைக்கு மாறியது. ஆனாலும் இந்தக் காரின் ஓட்டம் நிற்கவில்லை.

கோர விபத்து

1932 செப்டம்பரில் இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் மைதானத்தில் 500 மைல் பந்தயம். பழைய என்ஜினைக் கழற்றிவிட்டு 8 லிட்டர் என்ஜினை ஏற்றியிருந்தார்கள். ஜாக் டன்பீ, கிளைவ் டன்பீ என்ற சகோதரர்கள் மாற்றி மாற்றி ஓட்டினார்கள். கிளைவ் ஓட்டியபோது, சுவர் மாதிரி சாய்ந்து நிற்கும் வளைவின் உச்சியைத் தாண்டி கார் வெளியே பாய்ந்தது. கிளைவ் பலியானார்.

நொறுங்கிய காரை பர்னாட்டோ தூக்கிப் போட்டுவிடவில்லை. சரிசெய்து, கூரை போட்ட புது பாடி கட்டினார். பிறகு அது பல கை மாறி எட்வர்ட் ஹப்பர்ட் என்பவரிடம் வந்து சேர்ந்தது.

அவரிடம்தான் 'மிடில்பிரிட்ஜ் சிமிட்டர்' என்ற கம்பெனி 1 கோடி பவுனுக்கு விலை பேசியது. பேசிவிட்டுப் பின்வாங்கியது. "பந்தயத்தில் ஜெயித்த கார் இது இல்லை" என்பது அவர்கள் கட்சி. ஹப்பர்ட் கோர்ட்டு படி ஏறினார்.

மிஞ்சியது என்ன?

நீதிபதி ஆட்டன் ஒவ்வொரு பாகமாக ஆராய்ந்தார். 1929-ம் வருட காரில் இருந்து இன்னதுதான் என்று சொல்லும்படி ஒன்றுமே மிஞ்சவில்லை! 1930 காரில் இருந்து மிஞ்சியவை கியர் பாக்ஸ் கூடு, ஸ்டீயரிங் தண்டு, பெடல் தண்டு. அவ்வளவுதான். சேசிஸ், 8 லிட்டர் என்ஜின் எல்லாம் விபத்துக்குள்ளான 1932 காருடையவை.

ஹப்பர்ட் தோற்றுவிடுவார் என்றுதானே நினைப்போம்? 1990 ஜூலை 27-ந் தேதி வந்த தீர்ப்பு வேறு மாதிரி இருந்தது. லெ மானில் ஓடிய அசல் வண்டி என்று இதைச் சொல்ல முடியாது. ஆனால் ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றவில்லை, வரலாறு எங்கும் அறுபடவில்லை, அந்தப் பெயருக்கு உரிமை கொண்டாட வேறு பென்ட்லியும் கிடையாது, ஆகவே இதுதான் 'ஓல்டு நம்பர் ஒன்' என்றார் நீதிபதி. ஹப்பர்ட் ஜெயித்தார்.

நம்ம ஊர் சட்டம் இவ்வளவு தாராளம் இல்லை. 50 வருடத்துக்கு மேற்பட்ட பழம்பெரும் வண்டிகளுக்கு மத்திய அரசு 2021-ல் தனி விதி கொண்டுவந்தது. புதிதாகப் பதிய 20 ஆயிரம் ரூபாய் கட்டணம், 10 வருடம் செல்லும், நம்பரில் 'வி.ஏ.' எழுத்து வரும். சவாரி அடித்துச் சம்பாதிக்கக் கூடாது. முக்கியமாக, சேசிஸ், பாடி, என்ஜின் மூன்றிலும் பெரிய மாற்றம் செய்திருக்கவே கூடாது.

1 கோடி பவுன் கார் நம்ம ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் வந்து நின்றால், அந்த நம்பர் கிடைப்பது சந்தேகம்தான்.