கூரையிலிருந்து இறக்கிய பன்னிரண்டு கிலோ

2003இல் பி.எம்.டபிள்யூ நிறுவனம் எம்3 சி.எஸ்.எல். என்றொரு காரை வெளியிட்டது. வழக்கமான எம்3ஐவிட நூறு கிலோவுக்கு மேல் எடை குறைந்த வண்டி. அதன் கூரையை இரும்புத் தகட்டில் செய்யாமல் கார்பன் ஃபைபரில் செய்திருந்தார்கள். அன்றைக்கு அது செலவு பிடித்த வேலை. அத்தனை செலவுக்கும் கூரையில் மிச்சமானது ஏறத்தாழ ஆறு கிலோதான். பின் இருக்கையைக் கழற்றிப் போட்டாலே அதைவிட அதிகம் குறைந்திருக்குமே, கூரையில் ஏன் கை வைத்தார்கள்?

இந்தக் கேள்விக்கான பதிலை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களை வைத்துக்கொண்டு வாரக்கடைசியில் பந்தயத் தடத்துக்குப் போகிறவர்கள் நன்றாக அறிவார்கள். பி.எம்.டபிள்யூ இ30, போர்ஷே 944, மஸ்தா ஆர்.எக்ஸ்.-7 போன்ற எண்பதுகளின் கார்கள் அவர்களுக்குப் பிரியமானவை. எல்லாக் காருக்கும் ஏ.சி. வராத காலம் அது; சன்ரூஃப்தான் காற்றுக்கு வழி, கௌரவத்துக்கும் அடையாளம். அதனால் இந்த வண்டிகளில் பலவற்றின் கூரையில் ஓட்டை இருக்கும். எடை குறைக்கக் கிளம்புகிறவரின் கண் முதலில் போவதும் அங்கேதான்.

வெளியிலிருந்து பார்த்தால் சன்ரூஃப் என்பது ஒரு தகடு அல்லது கண்ணாடி, அவ்வளவுதான். உட்கூரைத் துணியை இறக்கிப் பார்த்தால்தான் சங்கதி தெரியும். தகடு நகர இருபுறமும் ரெயில்கள். அந்த ரெயிலுக்குள் விறைப்பான இரண்டு கேபிள்கள். அவற்றின்மேல் திருகுச்சுருள்போலக் கம்பி சுற்றியிருக்கும். மோட்டாரின் பற்சக்கரம் அந்தச் சுருளின் புரியில் மாட்டிக்கொண்டு கேபிளைத் தள்ளும், இழுக்கும். இவற்றையெல்லாம் தாங்க ஒரு சட்டம். சட்டத்தின் நான்கு மூலைகளிலும் குழாய்கள். சன்ரூஃபின் ரப்பர் பீடிங் மழைநீரை முழுதாகத் தடுப்பதில்லை. தடுக்கும் என்று நம்பி யாரும் வடிவமைப்பதும் இல்லை. உள்ளே வரும் நீரை ஒரு வாய்க்காலில் வாங்கி, குழாய்கள் வழியே கூரைத் தூண்களுக்குள் இறக்கிக் கீழே விட்டுவிடுவதுதான் ஏற்பாடு. முப்பது வருடத்தில் இலைக்குப்பையும் தூசும் அந்தக் குழாயை அடைத்திருக்கும். நீர் மூலையிலேயே நின்று துருப்பிடித்திருக்கும். பழைய வண்டியில் சன்ரூஃபை எடுக்க எடை மட்டும் காரணமில்லை என்பது இந்த மூலைகளைப் பார்த்தால் புரிந்துவிடும்.

தகடு, சட்டம், ரெயில், மோட்டார் எல்லாம் சேர்த்து வண்டியைப் பொறுத்துப் பத்து முதல் இருபது கிலோ தேறும். ஓட்டையை மூடப் போடும் புதுத் தகட்டின் எடையைக் கழித்து, நிகரமாகப் பன்னிரண்டு கிலோ குறைந்தது என்று வைத்துக்கொள்வோம். 1,200 கிலோ காரில் இது நூற்றுக்கு ஒன்று. நேர்ரோட்டில் வேகம் எடுக்கும்போது ஓட்டுநருக்கு இது தெரியவே தெரியாது.

வளைவில்தான் கணக்கு மாறுகிறது. கார் திரும்பும்போது சுமை உட்புறச் சக்கரங்களிலிருந்து வெளிப்புறச் சக்கரங்களுக்குப் போகிறது. டயருக்கு ஒரு குணம் உண்டு: அதன்மேல் சுமை இரட்டித்தால் பிடிமானம் இரட்டிப்பதில்லை, அதற்குக் கொஞ்சம் குறைவாகவே கூடும். ஆக, வெளிப்புற டயர்கள் பெறுவது உட்புற டயர்கள் இழப்பதை ஈடுகட்டாது. சுமை மாற்றம் கூடக்கூட மொத்தப் பிடி குறைகிறது. ஒரே வளைவில், ஒரே வேகத்தில் அந்த மாற்றம் இரண்டின் பெருக்குத்தொகையைப் பொறுத்தது: காரின் எடை, ஈர்ப்பு மையத்தின் உயரம். தலையில் குடம் வைத்துக்கொண்டு திரும்புகிறவருக்கும் இடுப்பில் குடம் வைத்துக்கொண்டு திரும்புகிறவருக்கும் உள்ள வித்தியாசம்தான் இது.

எண்ணைப் போட்டே பார்க்கலாம். 1,200 கிலோ காரின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் இருந்தால் பெருக்குத்தொகை 600. கூரை உயரமான 1.3 மீட்டரிலிருந்து பன்னிரண்டு கிலோவை எடுத்தால் அதில் 15.6 குறையும், அதாவது 2.6 சதவீதம். அதே பன்னிரண்டு கிலோவைத் தரைத்தளத்தில், 25 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து எடுத்தால் குறைவது வெறும் 3, அரை சதவீதம். வளைவைப் பொறுத்தவரை கூரையின் ஒரு கிலோ தரைத்தளத்தின் ஐந்து கிலோவுக்குச் சமம். ஈர்ப்பு மையமும் எட்டு மில்லிமீட்டர் அளவுக்கு இறங்கிவிடுகிறது. பி.எம்.டபிள்யூ பொறியாளர்கள் ஆறு கிலோவுக்காக அவ்வளவு மெனக்கெட்டது ஏன் என்பது இப்போது விளங்கும். குறைந்தபட்ச எடை இவ்வளவு இருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கும் பந்தயங்களில்கூடக் கூரையின் எடையைக் குறைத்துவிட்டு, அதே எடைக்கு ஈயமோ இரும்போ தரைத்தளத்தில் பூட்டிக்கொள்கிறார்கள். தராசில் மாற்றமில்லை, வளைவில் லாபம்.

இன்னொரு லாபம் எடையோடு சம்பந்தமில்லாதது. சன்ரூஃப் சட்டம் தலைக்குமேல் இரண்டு மூன்று சென்டிமீட்டரையாவது விழுங்கிவிடும். ஹெல்மெட் போட்டு உட்காரும் உயரமான ஆளுக்கு அதுவே தலைவலி. உருண்டால் காப்பாற்றும் இரும்புக்கூண்டைக் கூரையோடு ஒட்டிப் பொருத்தவும் இந்தச் சட்டம் இடைஞ்சல். என்னைக் கேட்டால், சன்ரூஃபை எடுக்க இவை இரண்டும் எடையைவிட வலுவான காரணங்கள்.

கழற்றுவது சுலபம், ஓர் ஆள் ஒரு நாளில் முடித்துவிடலாம். கஷ்டம் ஓட்டையை மூடுவதில் இருக்கிறது. கூரைத் தகடு ஒரு மில்லிமீட்டர்கூடக் கனமிராது. இவ்வளவு மெல்லிய, அகலமான தகட்டின் நடுவில் தொடர்ந்து வெல்டிங் வைத்தால் சூட்டில் அது நெளிந்து அலையாகிவிடும். பிறகு எத்தனை தடவை பட்டி பார்த்தாலும் வெயிலில் நிறுத்தும்போது அந்த அலை காட்டிக்கொடுக்கும். அதிலும் பட்டி கனமாக ஏறினால் எடை குறைத்த புண்ணியமும் போச்சு. தெரிந்த டிங்கர் ஒரு பொட்டு வைத்து, ஆறவிட்டு, எதிர்ப்பக்கம் இன்னொரு பொட்டு வைத்து என்று பொறுமையாகப் போவார். பலர் வெல்டிங்கையே விட்டுவிட்டு, விளிம்பைச் சுரண்டிச் சுத்தம் செய்து, எபாக்ஸிப் பசையால் ஒட்டிச் சுற்றிலும் ரிவெட் அடிக்கிறார்கள். அலுமினியமோ கார்பன் ஃபைபரோ ஒட்டினால் பசைப் படலம் எங்கும் விடுபடக் கூடாது. விடுபட்ட இடத்தில் புதுத் தகடு இரும்பை நேராகத் தொடும்; ஈரம் பட்டதும் அரிப்பு தொடங்கிவிடும்.

பசை ஏன் உறுதியாக இருக்க வேண்டும்? வேகத்தில் கூரைமேல் ஓடும் காற்று தகட்டை மேல்நோக்கி உறிஞ்சுகிறது. மணிக்கு 160 கிலோமீட்டரில் சன்ரூஃப் அளவுள்ள தகட்டின்மீது இந்த இழுப்பு பதினைந்து கிலோ எடைக்கு ஈடாகலாம். தட்டையான தகடாக இருந்தால் படபடவென்று அடிக்கவும் செய்யும். அதனால் தகட்டுக்குக் கூரையின் வளைவையே கொடுப்பார்கள், இல்லையென்றால் நடுவில் வரி அழுத்திவைப்பார்கள்.

போர்ஷே 944இல் இந்தத் தலைவலி குறைவு. அதன் கூரைத் தகடு நகர்வதில்லை. மோட்டார் அதன் பின்விளிம்பைத் தூக்கும். வேண்டுமென்றால் கையாலேயே தகட்டைக் கழற்றிப் பின்னால் வைத்துக்கொள்ளலாம். மோட்டாரையும் தூக்கிகளையும் எடுத்துவிட்டு, எடை குறைந்த ஃபைபர் தகட்டை அதே இடத்தில் பூட்டினால் வேலை முடிந்தது.

மற்ற வண்டிகளில் சட்டத்தை எடுக்கும்முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிலவற்றில் அது திருகாணியில் தொங்கும், கழற்றினால் இறங்கிவிடும். சிலவற்றில் கூரையோடு ஸ்பாட் வெல்டிங் செய்யப்பட்டு, ஓட்டையால் இழந்த உறுதியைத் திருப்பித் தருவதே அதுவாக இருக்கும். அதை வெட்டி எறிந்துவிட்டுப் பசையில் ஒரு தகட்டை ஒட்டினால், வண்டி உருளும்போது விலை கொடுக்க நேரும். இரும்புக்கூண்டு இல்லாத காரில் இந்த இரண்டாம் வகைச் சட்டத்தைத் தொடாமலிருப்பதே நல்லது. மிகச் சுத்தமான வழி, சன்ரூஃப் இல்லாத அதே மாடல் கார் உடைப்புக்கு வந்தால் அதன் முழுக்கூரையையும் வாங்கி மாற்றுவது. ஏராளமான ஸ்பாட் வெல்டிங் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் துளையிட்டுப் பிரிக்கும் பட்டறை கிடைத்தால்.

தினமும் ரோட்டில் ஓட்டும் காருக்கு இத்தனையும் வேண்டாம். அங்கே யாரும் டயரின் கடைசிப் பிடிவரை வளைவில் போவதில்லை. இ30 எம்3 போன்ற அரிய வண்டி என்றால் கூரையை வெட்டிய கணத்திலேயே அதன் சந்தை விலை சரிந்துவிடும். பந்தயத் தடத்துக்கென்றே ஒதுக்கிய, கூண்டு பொருத்திய, மூலைகள் துருவேறிய சாதாரண மாடல்தான் இந்த வேலைக்குச் சரியான வண்டி. அப்படிச் செய்தாலும் கழற்றிய மோட்டார், ரெயில், கேபிள்களைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள். பழைய கார்களுக்கு இந்த உதிரிகள் புதிதாகக் கிடைப்பது அரிது. தேடிக்கொண்டிருப்பவர் நல்ல விலை கொடுத்து வாங்கிக்கொள்வார்.