மூன்று வாரக் காவல்

பெண் நாய்க்குட்டி முதன்முறை பருவத்துக்கு வரும்போது பல வீடுகள் ஒரே இடத்தில்தான் ஏமாறுகின்றன: ரத்தம் நின்றதும் காவலைத் தளர்த்திவிடுகிறார்கள். உண்மையான ஆபத்து அப்போதுதான் தொடங்குகிறது.

திருப்பதியிலிருந்து ரேணிகுண்டா வழியாகக் காளஹஸ்திக்குப் போகும் சாலையில் இருக்கிறது ஏர்பேடு. 2015-ல் தொடங்கப்பட்ட திருப்பதி ஐ.ஐ.டி.யும் ஐசரும் இந்த மண்டலத்தில் நிரந்தர வளாகங்களை அமைத்தபிறகு ஊரின் முகம் மாறிவருகிறது. 2022 ஏப்ரலில் சித்தூர் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது ஊர் புதிய திருப்பதி மாவட்டத்துக்குப் போனது. மாறாமல் இருப்பவற்றில் ஒன்று, மழைக்காலத்தில் தெருவில் திரளும் நாய்க் கூட்டம்.

இந்தப் பகுதியின் தெலுங்கில் அதற்கு ஒரு வசவே உண்டு: ‘சித்த கார்த்தெ குக்க’. சூரியன் சித்திரை நட்சத்திரத்தில் நிற்கும் நாட்கள்தான் சித்த கார்த்தெ. ஆங்கில மாதக் கணக்கில் அக்டோபரின் நடுப்பகுதி. அந்த நாட்களில் ஒரு பெட்டை நாயின் பின்னால் ஏழெட்டு ஆண் நாய்கள் அலைவதைப் பார்த்துப் பிறந்த வசவு அது. வங்காளத்தில் இதே வசவு பாத்ர மாதத்து நாயின் பெயரில் இருக்கிறது. கிராமத்தார் கண்ணால் கண்டதை விஞ்ஞானமும் ஒப்புக்கொள்கிறது. ஜெய்ப்பூரில் தெருநாய்களுக்குக் கருத்தடை செய்துவரும் ‘ஹெல்ப் இன் சஃபரிங்’ அமைப்பின் டாக்டர்கள் பதிவேடுகளை ஆராய்ந்தபோது, சினை நாய்கள் மழைக்காலத்தின் இறுதியிலும் அதற்கடுத்த மாதங்களிலும்தான் அதிகம் என்று தெரிந்தது. குளிர்காலத்தில் தெருவெங்கும் குட்டிகள் தென்படுவது அதனால்தான்.

ஆனால் வீட்டு நாய்க்குப் பஞ்சாங்கம் கிடையாது. வேளாவேளைக்குச் சோறும் கூரையும் கிடைக்கும் லாப்ரடாரோ பொமரேனியனோ எந்த மாதத்திலும் பருவத்துக்கு வரலாம். முதல் பருவம் பெரும்பாலும் 6 மாதத்திலிருந்து 12 மாதத்துக்குள் வந்துவிடுகிறது. சிறிய இனங்களுக்குச் சீக்கிரம். உருவத்தில் பெரிய இனங்களுக்கு ஒன்றரை வருடம், சிலவற்றுக்கு இரண்டு வருடம்கூட ஆகலாம். அதன்பிறகு சராசரியாக ஆறேழு மாதங்களுக்கு ஒருமுறை. மனிதர்களைப்போல இதற்கு ஒரு வயதில் முற்றுப்புள்ளி இல்லை. கிழட்டு நாயும் பருவத்துக்கு வரும்.

அடையாளங்கள் மெல்லத் தொடங்குகின்றன. குட்டி அடிக்கடி பின்பக்கத்தை நக்கிக்கொள்ளும். வெளியே அழைத்துப்போனால் பத்தடிக்கு ஒருமுறை உட்கார்ந்து சிறுநீர் விடும். சோறு குறையலாம்; சில குட்டிகள் எஜமானரின் காலடியைவிட்டு நகராது, சில எரிச்சலோடு உறுமும். பிறப்புறுப்பு வீங்கும். பிறகு தரையில் ரத்தத் துளிகள். நக்கிச் சுத்தப்படுத்திக்கொள்ளும் நாயாக இருந்தால் துளிகள் கண்ணில் படாமலே போகலாம். சந்தேகம் வந்தால் வெள்ளைத் துணியை விரித்து அதில் படுக்கவைத்துப் பார்த்தால் போதும்.

இங்கேதான் தப்புக் கணக்கு பிறக்கிறது. நாயின் ரத்தப்போக்கைப் பெண்களின் மாதவிலக்கோடு ஒப்பிடுகிறார்கள். இரண்டும் நேர் எதிர். பெண்ணுக்குக் கரு தங்காதபோது கருப்பையின் உட்சுவர் உதிர்ந்து ரத்தமாக வெளியேறுகிறது. நாய்க்கு ரத்தம் வருவது கருமுட்டை வெளிவருவதற்கு முன்னால், கருப்பை தயாராகும்போது. இந்த முதல் கட்டம் சுமார் 9 நாள் நீடிக்கிறது. ஆண் நாய்கள் வாசலில் காவல் கிடக்கும். ஆனால் பெட்டை அவற்றைக் கடித்து விரட்டும். வீட்டார் நிம்மதியாக இருக்கிறார்கள்.

அடுத்த கட்டத்தில் ரத்தம் வெளிறி வைக்கோல் நிறத்துக்கு மாறுகிறது, அல்லது நின்றுவிடுகிறது. வீக்கம் சற்றுத் தளர்கிறது. ‘சரியாகிவிட்டது’ என்று சங்கிலியைக் கழற்றிவிடுகிறார்கள். நாய் கருத்தரிக்கக்கூடிய நாட்கள் இவைதான். இடுப்பைத் தடவினால் வாலை ஒரு பக்கமாக ஒதுக்கி நின்றால், அது ஆண் நாயை ஏற்கத் தயார் என்று பொருள். இந்தக் கட்டமும் சராசரியாக 9 நாள். நாய்க்கு நாய் சில நாட்களிலிருந்து மூன்று வாரம் வரை வித்தியாசப்படும். ஆண் நாயின் விந்தணு பெட்டையின் உடலில் ஒரு வாரம்கூட உயிரோடு இருக்கக்கூடும் என்பதால் நாள் கணக்குப் போட்டுத் தப்பிப்பது கடினம். முதல் ரத்தத் துளியிலிருந்து குறைந்தது மூன்று வாரம், வீக்கம் முழுக்க வற்றி ஆண் நாய்கள் வாசலைவிட்டு விலகும்வரை காவல் தேவை.

முதல் பருவத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. சில குட்டிகளுக்கு ரத்தம் சில நாள் வந்து நின்றுபோய், சில வாரங்கள் கழித்து முழுப் பருவம் வருகிறது. இன்னும் சிலவற்றுக்கு அடையாளமே வெளியில் தெரியாது. தெருவில் திடீரென்று கூடும் ஆண் நாய்கள்தான் அந்த வீட்டுக்கு முதல் தகவல்.

காவல் என்றால் என்ன? வீட்டுக்குள் தனி இடம். விரிக்கப் பழைய வேட்டி, புடவை. வெளியே போகும்போது சங்கிலி. கூடவே ஒரு பெரியவர். சின்னப் பிள்ளைகள் கையில் கொடுத்தனுப்புவது கூடாது, ஆண் நாய்கள் சண்டையிட்டுக்கொள்ளும்போது கடி விழுவது நடுவில் நிற்பவருக்குத்தான். தெருவில் நாய் நடமாட்டம் குறைந்த நேரம் பார்த்துப் போவது நல்லது. மதில் சுவரை நம்ப முடியாது. பருவத்து வாசனை பிடித்த நாய்க்கு அது ஒரு பொருட்டே அல்ல. கம்பி கேட்டின் இடைவெளி வழியாகவே காரியம் முடிந்துவிடுவதுண்டு. கடையில் விற்கும் நாய் டயபர் தரையைக் காப்பாற்றும், நாயைக் காப்பாற்றாது. வீட்டிலேயே ஆண் நாய் இருந்தால் ஒன்றை உறவினர் வீட்டுக்கு அனுப்புவதே வழி. கூடப்பிறந்த குட்டி, பெற்ற குட்டி என்ற உறவெல்லாம் நாய்களுக்குத் தெரியாது.

காவலையும் மீறி இணை சேர்ந்துவிட்டால் பிரிக்க முயலக் கூடாது. இணைந்த நாய்கள் சில நிமிடங்களிலிருந்து அரைமணி நேரம் வரை பிரிய முடியாமல் பின்னிக்கிடப்பது இயற்கை. கல்லால் அடிப்பதும் வெந்நீர் ஊற்றுவதும் இரண்டுக்கும் காயத்தைத்தான் தரும். அவை பிரிந்தபின் தாமதிக்காமல் கால்நடை டாக்டரிடம் போகலாம். மருந்துக் கடையில் மனிதர்களுக்கான கருத்தடை மாத்திரை வாங்கிக் கொடுப்பது ஆபத்து. பருவத்தைத் தள்ளிப்போடும் ஹார்மோன் ஊசிக்கும் விலை உண்டு: கருப்பையில் சீழ் பிடிப்பது, மடிக் கட்டி.

தெரு நாயோடு சேர்வதில் குட்டி மட்டுமே பிரச்சினை அல்ல. இந்தியத் தெருநாய்களிடம் பரவலாகக் காணப்படும் ஒருவகைப் பிறப்புறுப்புக் கட்டி, இணை சேரும்போது தொற்றும் புற்றுநோய். புற்றுச் செல்களே ஒரு நாயிலிருந்து இன்னொன்றுக்குத் தாவி வளர்கின்றன. பருவம் முடிந்த பிறகும் வாரக்கணக்கில் ரத்தம் சொட்டினால் இதைச் சந்தேகிக்க வேண்டும். வாரம் ஒருமுறை போடும் வின்கிரிஸ்டின் ஊசியில் பெரும்பாலான நாய்கள் குணமாகிவிடுகின்றன. வாசலில் கூடும் நாய்களிடம் கடி வாங்கினால் வெறிநோய் அபாயம் வேறு. முதல் பருவத்துக்கு முன்பே வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

பருவம் முடிந்து ஓரிரு மாதங்களுக்கு இன்னொரு கண் தேவை. இணை சேராத நாய்க்கும் மடி பெருத்துப் பால் சுரக்கலாம். பொம்மையைக் குட்டியாக நினைத்து அணைத்துக்கொள்ளும். பாலைப் பீய்ச்சாமல் விட்டால் பெரும்பாலும் தானே அடங்கும். ஆனால் நாய் சோர்ந்து, சாப்பாட்டை வெறுத்து, அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்து, வாந்தியெடுத்தால் அது வேறு கதை. கருப்பையில் சீழ் கட்டியிருக்கலாம். வயதான நாய்களுக்கே அதிகம் வருவது என்றாலும் இளம் நாய்களையும் விட்டுவைப்பதில்லை. சீழ் வெளியே வராமல் உள்ளேயே தேங்கினால் இன்னும் மோசம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நோய் இது. ஏர்பேட்டுக்காரர்களுக்குத் திருப்பதி பக்கம்தான்: 1955-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி அங்கே இருக்கிறது, 2005 முதல் ஸ்ரீ வேங்கடேஸ்வரா கால்நடை பல்கலைக்கழகமும்.

நிரந்தரத் தீர்வு கருத்தடை அறுவை சிகிச்சை. எப்போது செய்வது என்பதில் டாக்டர்களிடையே விவாதம் நடக்கிறது. 1969-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வின்படி, முதல் பருவத்துக்கு முன்பே கருத்தடை செய்த நாய்களுக்கு மடிப் புற்று அபாயம், செய்யாதவற்றோடு ஒப்பிட்டால் 0.5 சதவீதம்தான், ஒரு பருவத்துக்குப் பின் 8, இரண்டு பருவத்துக்குப் பின் 26 சதவீதம். பல பத்தாண்டுகள் வேதமாக இருந்த இந்தக் கணக்குக்கு ஆதாரம் வலுவாக இல்லை என்று 2012-ல் வந்த மறு ஆய்வு சொன்னது. கோல்டன் ரெட்ரீவர் போன்ற பெரிய இனங்களுக்கு மிகச் சீக்கிரம் செய்தால் மூட்டுக் கோளாறு அதிகரிக்கிறது என்றும் ஆய்வுகள் வந்தன. ஆகவே இனத்தையும் வீட்டின் நிலைமையையும் பார்த்தே முடிவு செய்கிறார்கள். பருவத்தின் நடுவில் ரத்த ஓட்டம் அதிகம் என்பதால், முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்துச் செய்வது வழக்கம். ‘ஒரு தடவையாவது குட்டி போட்டால்தான் நாய்க்கு நல்லது’ என்ற பேச்சுக்கு மருத்துவ ஆதாரம் எதுவும் கிடையாது. வளர்ப்பவர்களுக்கான 2017-ம் வருட மத்திய அரசு விதிகளே 18 மாதம் நிறையாத நாயை இணை சேர்க்கக் கூடாது என்கின்றன.

விஷயம் ஒரு வீட்டோடு நிற்பதில்லை. எதிர்பாராமல் பிறந்த குட்டிகளில் கடுவன் குட்டிக்கு ஆள் கிடைக்கும். பெட்டைக் குட்டியை யாரும் கேட்பதில்லை. அவை சாக்கில் கட்டப்பட்டு ஊருக்கு வெளியே, சந்தை ஓரத்தில், குப்பைமேட்டில் இறக்கப்படுகின்றன. பிழைத்தவை ஒரு வருடத்தில் தாயாகின்றன. 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் தெருநாய்கள் 1.53 கோடி. சென்னையில் புளூ கிராஸின் யோசனையை ஏற்று மாநகராட்சி 1996-ல் கொல்வதற்குப் பதில் கருத்தடைக்கு மாறியது. 2001-ல் அது தேசிய விதியானது, 2023-ல் அந்த விதிகள் திருத்தி எழுதப்பட்டன. 2025 ஆகஸ்டில் டெல்லித் தெருநாய்கள் வழக்கில் முதலில் எல்லாவற்றையும் காப்பகத்தில் அடைக்கச் சொன்ன உச்ச நீதிமன்றம், சில நாட்களில் அதைத் திருத்தி, கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாய்களை, வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் நீங்கலாக, பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது.

நீதிமன்றமும் மாநகராட்சியும் தெருவில் இருக்கும் நாய்களைப் பற்றிப் பேசுகின்றன. அவற்றில் ஒரு பகுதி எங்கோ ஒரு வீட்டுத் திண்ணையில் பிறந்தது. அந்த வீட்டில் ஒரு மூன்று வாரம், யாரோ ஒருவர் கேட்டைச் சாத்த மறந்திருந்தார்.