மலையேற மறுக்கும் எந்திரம்
பழைய டீசல் வண்டிகளின் எரிபொருள் அழுத்தக் குறைகளை அறியும் முறை

சேலத்திலிருந்து நெடுஞ்சாலை வழியே தருமபுரிக்கு வருவோர் தொப்பூர்க் கணவாயின் ஏற்றத்தைக் கடந்தே ஆகவேண்டும். சமநிலத்தில் எக்குறையும் காட்டாத வண்டி, இவ்வேற்றத்தில் தன் உண்மை நிலையை வெளிப்படுத்திவிடும். சில ஆண்டுகளுக்கு முன் சேலத்தில் ஒரு திருமணம் முடிந்து, குடும்பத்தாருடன் பழைய ஜீப் ஒன்றில் நாம் இரவில் திரும்பிக்கொண்டிருந்தோம். கணவாயின் நடுவே வண்டி இழுவை குன்றித் திணறிற்று. பின்னர் நின்றே போயிற்று. பின்னால் சரக்குந்துகள் ஒன்றன்பின் ஒன்றாய் ஏறிவர, குழந்தைகளை இறக்கிச் சாலையோரம் நிறுத்திக்கொண்டு நின்ற அந்த அரைமணி நேரம் இன்றும் நம் நினைவில் உள்ளது.

மறுநாள் பட்டறை ஒன்றில், “டீசல் பம்ப் போய்விட்டது” என்றார்கள். பம்பைக் கழற்றிச் சீர்செய்ய ஒரு மாத ஊதியத்தில் பெரும்பகுதி கரைந்தது. ஆனால் அடுத்த பயணத்தில் அதே இடத்தில் அதே குறை! பிறகு வயது முதிர்ந்த தொழிலாளி ஒருவர் வண்டியின் அடியில் படுத்துப் பார்த்து, டாங்கியிலிருந்து வரும் வழியில் வெடிப்புற்றிருந்த ஒரு சாண் நீள ரப்பர்க் குழாயை மாற்றினார். குறை தீர்ந்தது. “வெளியே ஒழுகினால் கண்ணுக்குத் தெரியும் சார், உள்ளே காற்றை உறிஞ்சினால் எப்படித் தெரியும்?” என்றார் அவர். அவ்வொரு வினாவே இக்கட்டுரைக்கு வித்து.

இரு வகை அழுத்தங்கள்

ருடால்ப் டீசல் தம் எந்திரத்திற்கு 1893-இல் காப்புரிமை பெற்றார். தொடக்க கால எந்திரங்களில் எரிபொருளை உள்ளே செலுத்த, அழுத்தப்பட்ட காற்றே பயன்பட்டது. செருமனியின் பாஷ் நிறுவனம் 1927-இல் எரிபொருள் செலுத்தும் பம்புகளைப் பெருமளவில் உருவாக்கத் தொடங்கிய பின்னரே டீசல் எந்திரம் சாலை வண்டிகளில் பரவிற்று. அந்நிறுவனத்தின் கூட்டுறவோடு 1951-இல் பெங்களூரில் தோன்றியதே மைகோ; அது 2008-இல் பாஷ் லிமிடெட் எனப் பெயர் மாறியது. எனினும் நம் பட்டறைகளில் அது இன்றும் ‘மைகோ பம்ப்’ தான்.

இவ்வமைப்பில் இரு பகுதிகள் உண்டு. டாங்கியிலிருந்து டீசலை இழுத்து, வடிகட்டி வழியே பெரிய பம்புக்கு அனுப்புவது ‘பீடு பம்ப்’. இப்பகுதியின் அழுத்தம் ஏறத்தாழ 1 முதல் 2 பார் அளவே; மகிழுந்துச் சக்கரத்துக் காற்றின் அழுத்தத்தை ஒத்தது எனலாம். பெரிய பம்பிலிருந்து நாசில் வரையிலான பகுதியோ வேறு. பல பழைய எந்திரங்களில் ஏறத்தாழ 200 பார் அழுத்தம் ஏறினால்தான் நாசில் திறந்து டீசலைப் புகைபோல் தூவும். தாழ்ந்த அழுத்தப் பகுதி பட்டினி கிடந்தால், உயர்ந்த அழுத்தப் பகுதி எத்துணைச் செம்மையாயினும் பயனில்லை.

குறிகள் கூறுவன

மருந்து அதிகாரத்தில் வள்ளுவர் வகுத்த வரிசை எந்திரத்திற்கும் பொருந்தும். நோயை அறிந்து, அதன் காரணத்தை அறிந்து, பிறகே தீர்வில் இறங்குதல் வேண்டும்.

சுமையோடு ஏறும்போது இழுவை குன்றுகிறது, ஆனால் கரும்புகை இல்லை எனில், எரிபொருள் போதவில்லை என்று ஐயுறலாம். கரும்புகை மிகுந்தால் எரிபொருள் வருகிறது. காற்று போதவில்லை, அல்லது நாசில் சரிவரத் தூவவில்லை. காலையில் நெடுநேரம் சுழற்றிய பின்னரே எந்திரம் உயிர்பெறுமாயின், இரவில் குழாய்க்குள் காற்றுப் புகுந்து டீசல் பின்வாங்கியிருத்தல் கூடும்.

ஆய்வின் படிகள்

முதலில் செலவில்லாதவற்றைக் காண்க. டாங்கி மூடியில் காற்று புகும் சிறு துளை உண்டு. அது அடைபட்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகி டீசல் வர மறுக்கும். மூடியைத் திறந்தவுடன் ‘உஸ்’ என்று காற்று உட்புகுந்து இழுவையும் மீண்டால், குறை அங்கேயே.

அடுத்து, காற்று. பீடு பம்புக்கு முந்தைய குழாய் உறிஞ்சும் பகுதியாதலால், ஓடும்போது அதிலுள்ள வெடிப்பின் வழியே டீசல் வெளிவருவதைவிடக் காற்று உட்புகுவதே இயல்பு. ஏற்றத்தில் தேவை மிகுந்து உறிஞ்சுதலும் மிகுவதால், அப்போதுதான் குறை தலைகாட்டும். பீடு பம்புக்கு முன்னே ஒரு துண்டு ஒளிபுகும் குழாயைப் பொருத்தி ஓடவிட்டால் குமிழிகள் கண்ணுக்குத் தெரியும். வடிகட்டியின் மேலுள்ள திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்துக் காற்றை முழுதும் வெளியேற்றிய பின்பும் குமிழிகள் திரும்ப வருமாயின், புகும் வழி அடைபடவில்லை என்பது உறுதி.

மூன்றாவது, அழுத்தமானி. வடிகட்டிக்கு முன்னும் பின்னும் அளந்து பார்க்க வேண்டும். முன்னே நிறைவாகவும் பின்னே குறைவாகவும் இருப்பின் வடிகட்டி அடைபட்டுள்ளது. ஈரிடத்தும் குறைவாயின், தூய கலம் ஒன்றில் டீசல் நிரப்பிச் சிறு குழாயால் நேரே பீடு பம்புக்கு ஊட்டுக. அழுத்தம் மீண்டால் குறை டாங்கியிலோ அதன் குழாயிலோ உள்ளது. மீளாவிடின் பீடு பம்பையும், மிகுந்த டீசலைத் திருப்பி அனுப்பும் வால்வையும் ஆராய்க. அவ்வால்வின் சுருள்வில் தளர்ந்தால், டீசல் நில்லாமல் டாங்கிக்கே திரும்பிவிடும்.

இவையெல்லாம் சீராக இருந்தால் மட்டுமே பெரிய பம்பையும் நாசில்களையும் கழற்றிச் சோதனைக் கருவியில் ஏற்றுதல் முறை. நம் ஜீப்பிற்கு நேர்ந்தது இவ்வரிசையின் தலைகீழ்!

ஓர் எச்சரிக்கை. உயர் அழுத்தக் கசிவை ஒருபோதும் கைவிரலால் தொட்டுப் பார்த்தல் ஆகாது. ஊசிபோற் பாயும் டீசல் தோலைத் துளைத்து உட்புகும். காயம் சிறிதாகத் தோன்றினும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். 1,000 பாருக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் இயங்கும் இன்றைய காமன் ரெயில் எந்திரங்களில் குழாய்களைத் தளர்த்திப் பார்க்கும் பழைய பழக்கம் கூடவே கூடாது.

நிறைவாக

கணவாயில் நின்றுபோகும் வண்டி அதன் உரிமையாளருக்கு மட்டுமன்று, பின்னே வருவோர்க்கும் இடராகும். இறங்கும்போது எந்திரம் நின்றாலோ காற்றுத் தடைக்கு வேண்டிய காற்றை நிரப்பும் கம்ப்ரசரும் நின்றுவிடும். ஆதலால் இவ்வறிவு உயிர் காக்கும் அறிவு.

நம் மாணவர்களுள் பலர் ஓட்டுநர், தொழிலாளர் இல்லங்களிலிருந்து வருபவர். ‘காற்றுப் பிடித்துவிட்டது’, ‘மூச்சு வாங்குகிறது’, ‘இழுவை இல்லை’ என அவர்தம் தந்தையர் வழங்கும் சொற்கள், எந்திரத்தின் நோய்க்குறிகளை நுட்பமாகப் பகுத்துரைக்கும் நல்ல தமிழ். அறிவியல் தமிழுக்குக் கலைச்சொல் தேடும் நாம், அகராதிகளோடு அப்பட்டறைகளையும் நாடுதல் வேண்டும். வண்டியின் அடியில் படுத்தபடி ஒரு வினாவால் நமக்கு இவ்வளவும் கற்பித்த அப்பெரியவருக்கு இக்கட்டுரை நம் நன்றிக்கடன்.