ஆறாவது எண்

3, 5, 17, 257, 65537 ஆகிய ஐந்தும் பகா எண்கள். இவற்றுள் எவ்வெண்ணிலும் ஒன்றைக் கழித்து, வந்ததை வர்க்கமாக்கி, ஒன்றைக் கூட்டினால் அடுத்த எண் கிடைக்கும். இவ்வரிசையில் வருவன யாவும் பகா எண்களே எனப் பிரெஞ்சு அறிஞர் ஃபெர்மா 1640ஆம் ஆண்டில் கருதினார்.

ஆறாவது எண் 4294967297. இதனை முழுமையாகச் சோதிக்க, 65536க்கு உட்பட்ட 6542 பகா எண்களாலும் வகுத்துப் பார்த்தல் வேண்டும். 1732ஆம் ஆண்டில் ஆய்லர் இதனை 641 × 6700417 எனப் பிரித்துக் காட்டினார். இவ்வெண்ணின் பகாக் காரணி எதுவாயினும், அதனை 64ஆல் வகுத்தால் மீதி 1 ஆகும் என்பதையும் அவர் பின்னர் நிறுவினார். அவ்வாறு அமைந்த பகா எண்கள் 193, 257, 449, 577, 641 எனத் தொடரும். முதல் நான்கும் மீதியின்றி வகுக்கவில்லை, ஐந்தாவது வகுத்தது.

ஐந்து எடுத்துக்காட்டுகள் பொருந்தியும் ஆறாவது பொருந்தவில்லை. கணிதத்தில் எடுத்துக்காட்டுகளின் மிகுதி நிறுவலாகாது. கூறியவர் பேரறிஞரே ஆயினும் நிறுவல் வேண்டும்.