குணமா, வியாதியா?

கீழ் கோத்தகிரியில் ஐப்பசி மாதத்து மூடுபனி இறங்கிவிட்டால் பத்தடி தூரத்தில் வருகிறவர் யாரென்று தெரியாது. அந்தப் பனிக்குள்ளிருந்து யாரோ தன்னைப் பெயர் சொல்லி ஏசுவதாக ஒரு வாலிபன் சொல்லலானான். நம்மிடம் வாசித்தவன், கடைசிப் பெஞ்சில் தனியே அமர்ந்திருப்பான், சகபாடிகள் சிரித்தால் தன்னைக் குறித்தே சிரிப்பதாக எண்ணுவான். கொழுந்து பறிக்கப் போகும் அவன் தாயாரும் அண்டை அயலாரும், "அவன் குணமே அப்படி" என்று இரண்டு வருஷங்களைக் கழித்துவிட்டார்கள். நாமும் அப்படிச் சொன்னவர்கள்தாம்.

தமிழில் இந்தக் குணம் என்ற வார்த்தை விசித்திரமானது. சுபாவத்துக்கும் அதுவே பெயர். நோய் தீர்வதற்கும் அதுவே பெயர்!

மனச்சிதைவு நோய்க்கு 'ஸ்கிஸோப்ரீனியா' என்று 1908-ல் பெயரிட்டவர் ஸ்விட்ஸர்லாந்து வைத்தியர் ப்ளாய்லர். ஒதுங்கி வாழும் சுபாவமும் இந்நோயும் ஒரே கோட்டின் இரு முனைகள் என்று 1921-ல் ஜெர்மானியரான கிரெச்மர் வாதித்தார். இது பாதி உண்மையே. ஒதுங்கிய சுபாவமுடையோரில் பெரும்பாலோர் ஆயுள் முழுவதும் இந்நோயை அறியாமலே வாழ்ந்து முடிக்கிறார்கள். கலகலப்பாக இருந்தவர்களையும் அது பற்றுவதுண்டு. ஆயினும் உறவு இல்லாமல் இல்லை. டென்மார்க்கில் தத்துப் பிள்ளைகளை ஆராய்ந்த சீமூர் கெட்டி குழுவினர் 1968-ல் வெளியிட்ட முடிவின்படி, நோயுற்றோரைப் பெற்ற குடும்பத்தாரிடம் இந்நோயும் அதன் மங்கலான சாயல்களும் மிகுந்து காணப்பட்டன. வளர்த்த குடும்பத்தாரிடம் அவ்வாறு காணவில்லை. "நான் வளர்த்த வளர்ப்பிலே குற்றமா, ஸார்?" என்று அந்தத் தாயார் நம்மைக் கேட்டபோது, "இல்லை, அம்மா" என்று கூசாமல் சொல்ல முடிந்தது.

சுபாவம் பால்யம் முதல் ஏறக்குறைய ஒரே சீராகத் தொடருவது. உறக்கம் கெடுவது, குளிக்க மறுப்பது, வேலையை விடுவது, எவர் எடுத்துச் சொன்னாலும் அசையாத சந்தேகம், ஆளில்லாத இடத்தில் குரல் என்று ஒரு பிள்ளை மாறத் தொடங்கினால் உடனே டாக்டரிடம் காட்டவேண்டும். தாமதிக்கத் தாமதிக்க வைத்தியம் கடினமாகிறது. சங்கிலியோ சிகிச்சையாகாது. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6-ந் தேதி தீப்பிடித்தபோது, கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் மாண்டார்கள். இறந்தவர் 28 பேர். இப்படிச் சங்கிலியிடுவதை 2017-ம் வருஷத்துச் சட்டம் விலக்கியிருக்கிறது.

நம்பிக்கைக்கு அயல்நாட்டைப் பார்க்க வேண்டியதில்லை. சென்னையில் 1981 முதல் புதிதாக இந்நோய் கண்ட 90 பேரை நம் வைத்தியர்களே வருஷக்கணக்காகத் தொடர்ந்து கவனித்தார்கள். பத்தாண்டு முடிவில், கண்டறிய முடிந்தவர்களில் பெரும்பாலோர் நோய்க்குறியின்றி இருந்தனர். வழி தெரியாத வீட்டார் 14416 என்ற எண்ணுக்கு இலவசமாக டெலிபோன் செய்து, தமிழிலேயே யோசனை கேட்கலாம்; 2022-ல் ஏற்பட்ட ஏற்பாடு இது.

நம் வாலிபனை உதகைக்கு அழைத்துச் சென்றோம். மருந்து தொடங்கிய மூன்றாம் மாதம் குரல்கள் அடங்கின. இப்போது தேயிலைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறான். பஸ்ஸில் இன்னமும் கடைசி ஆசனத்தில்தான் தனியே உட்காருகிறான்.